ஜாகா கனியும் பின்சந்துக் குடைகளும்

முகம்மது கனி மாமா எந்த ஆண்பிள்ளையின் முகத்தையும் முதலில் பார்க்க மாட்டார். இடுப்பைத்தான் பார்ப்பார். பெண்கள் எதிரே வந்தால் தரையைப் பார்த்து ஒதுங்கிப் போகிற மனுஷன், ஆண்பிள்ளை வந்தால் சலாமுக்குப் பதில் சொல்வதற்கு முன்பே அவன் கைலிக்கு மேல் கட்டிய பச்சை வாரில் கண்ணைக் கொண்டுபோய் நிறுத்திவிடுவார். என்னைக் கட்டிய வீட்டுக்காரர் சிக்கந்தர் இதற்காகவே அவரைக் கண்டால் வயிற்றை எக்கிக்கொண்டு நடப்பார். எக்குவதற்கு வயிறு இருந்தது என்பது வேறு விஷயம். அதற்குப் பின்னால் வருகிறேன்.

இந்தப் பழக்கம் வந்தது தொழிலால். பினாங்குத் துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியின் சரக்குக் கிட்டங்கி வாசலில் அவர் ஜாகா வேலை பார்த்தவர். ஜாகா என்றால் காவல்காரர். சாயங்காலம் மூட்டை தூக்குகிறவர்கள் வெளியே வரும்போது ஒவ்வொருவரையும் நிறுத்தி இடுப்பைத் தடவிப் பார்த்து அனுப்ப வேண்டும். கிராம்பும் ஜாதிக்காயும் அபினும் அந்த வாசலில் மனுஷன் வயிற்றோடுதான் வெளியே போகும். வயிற்றின் மேல் பொட்டலத்தை வைத்து, அதற்கு மேல் கைலியை இறுக்கி, வார் போட்டுவிட்டால் துரைமாருக்குத் தெரியாது. கனி மாமாவுக்குத் தெரியும். காலையில் உள்ளே போன வயிறு மாலையில் எப்படி வெளியே வர வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம்.

ஆள் பார்த்து வேலை செய்கிறவர் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒருநாள் கிட்டங்கியின் வெள்ளைக்கார மேனேஜரையே நிறுத்தி இடுப்பைத் தடவிவிட்டார். உள்ளே ஒரு பிராந்திக் குப்பி இருந்தது. துரை சிரித்தார், மறுநாள் மாமாவின் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். வாசலைத் தாண்டுகிற எதுவும் பார்க்கப்படாமல் போகக் கூடாது என்று அடுத்த வாரமும் மாமா துரையை நிறுத்தினார் என்று கேள்வி. அப்படிப்பட்டவரின் முழங்காலில் ஒரு அரிசி மூட்டை விழுந்ததும் கம்பெனி ஒரு புதுக் குடையைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

கிட்டங்கி அவரை விட்டது, அவர் கிட்டங்கியை விடவில்லை. சூலியா தெருவுக்குப் பின்னால் இருக்கிற எங்கள் லோரோங்கை, அதாவது சந்தை, எடுத்துக்கொண்டார். நாங்கள் யாரும் கொடுக்கவில்லை, அவராக எடுத்துக்கொண்டார். காலையில் வீட்டு முன்னால் ஓடுகிற அஞ்சடி நடைபாதையில் நாற்காலி போட்டு உட்காருவார். மத்தியானத்தில் அதே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின் சன்னலோரம் போட்டுக்கொண்டு, பலகை இடுக்கு வழியாகப் பின்சந்தைப் பார்ப்பார். மனைவி இறந்து போயிருந்தாள், மகளைக் கெடாவில் கட்டிக் கொடுத்திருந்தார். வீட்டில் பார்க்க எதுவும் இல்லாததால் வெளியே பார்த்தார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

பார்த்தவர் பார்த்ததோடு நின்றிருந்தால் அவரைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை. பார்த்ததையெல்லாம் ஸ்டேஷனில் போய்ச் சொல்வார். குடை ரிப்பேர் செய்கிற சீனன் எங்கள் லோரோங்கில் மூன்று நாள் தொடர்ந்து கூவினான் என்று ஒரு ரிப்போர்ட். பால்காரப் பஞ்சாபி பாத்திரத்தை மூடித் தூக்கிப் போகிறான் என்று இன்னொன்று. முனிசிபல் ஆள் ஒருவர் சாக்கடையை நாடாவால் அளந்தார். அது எந்த நாட்டுப் படைக்காக என்று விசாரிக்க வேண்டும் என்று நொண்டிக்கொண்டே நடந்து போய்ச் சொன்னார். அவர் ஸ்டேஷனில் சாக்கடை ரகசியத்தைச் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் வீட்டுக் கொல்லையிலிருந்து முட்டையிடுகிற கோழியை யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்கும் மறுநாள் ஒரு ரிப்போர்ட்.

ஸ்டேஷனில் சார்ஜன் அப்துல் ரசாக் என்று ஒருவர் இருந்தார். பினாங்கிலேயே பிறந்தவர், தமிழும் மலாயும் ஒரே வாயில் பேசுவார். பொறுமைசாலி. கனி மாமா வந்தால் நாற்காலி போட்டு, கோப்பி வரவழைத்து, சொல்வதையெல்லாம் தலையாட்டிக் கேட்டு அனுப்பிவிட்டு, வெற்றிலை போடப் போய்விடுவார் என்று பேச்சு. அந்தத் தலையாட்டல்தான் மாமாவைக் கெடுத்தது என்று சொல்வேன்.

இனி லெட்சுமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் லோரோங்கில் கடைசி வீடு அவளுடையது. புருஷன் ராமதாஸ் முனிசிபல் ரோட்டு வேலையில் இருந்தவன், காய்ச்சலில் போய்விட்டான். பத்து காவான் எஸ்டேட்டில் அவளுக்கு ஒரு அண்ணன் இருந்தான், அண்ணன் பெண்டாட்டி இவளைப் படியேற விட மாட்டாள். ஆகவே இங்கேயே தங்கி, விடியற்காலையில் இடியாப்பம் பிழிந்து விற்றுப் பிழைத்தாள். முஸ்லிம் வீடுகள் நடுவே ஒரே ஒரு இந்து வீடு. அவள் கை இடியாப்பம் இறங்காத தொண்டை எங்கள் லோரோங்கில் ஒன்றும் இல்லை. கனி மாமாவுக்கு நோன்பு மாதத்தில் சஹர் நேரத்துக்கு வாழையிலையில் மடித்துக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போவதும் அவள்தான். தனியாக இருக்கிற மனுஷன், பொழுது விடிவதற்குள் சாப்பிட்டாக வேண்டும் என்று அவளே ஆரம்பித்த வழக்கம் அது.

அவள் குடியிருந்த வீடு ஷேக் அலாவுதீன் முதலாளிக்குச் சொந்தம். அவள் வீடு மட்டுமா, இந்தப் பக்கத்தில் பாதி வீடு அவருக்குச் சொந்தம், கனி மாமா வீடு உட்பட. பள்ளிவாசல் காரியங்களில் அவர்தான் முன்னால் நிற்பார். நோன்புக் கஞ்சிக்கு அரிசி அவர் கிட்டங்கியிலிருந்து போகும். நோன்பு இரவுகளின் தராவீஹ் தொழுகையில் முதல் வரிசை. நல்ல மனுஷன் என்று நானே சொல்லிக்கொண்டிருந்தேன், அந்த வருஷம் வரைக்கும்.

இடியாப்பத்துக்கு நோன்பு மாதத்தில் காலை வியாபாரம் கிடையாது. லெட்சுமியின் அடுப்பு பகலெல்லாம் அணைந்து கிடப்பதைக் கண்டு மனமிரங்கியவர் வீட்டுச் சொந்தக்காரரான ஷேக் அலாவுதீன் முதலாளிதான். தனக்கு வயிற்றுப் புண் என்றும், மத்தியானத்தில் கொஞ்சம் சோறும், நாங்கள் மீன் ஆணம் என்கிற மீன் குழம்பும் ஆக்கிவைத்தால் பின்கதவு வழியாக வந்து சாப்பிட்டுப் போகிறேன் என்றும், வெளியே தெரிய வேண்டாம் என்றும் சொன்னாராம். நோயாளிக்கு மார்க்கமே சலுகை கொடுத்திருக்கிறது, அதில் குறை சொல்ல நான் யார்? ஆனால் இவருடைய வயிற்றுப் புண் ரமலான் பிறையோடு பிறந்து பெருநாள் பிறையோடு ஆறிவிடுகிற ஜாதி.

முதலாளியின் புண் தொத்துவியாதி. அரிசிக் கடை அப்துல் காதருக்குத் தொத்தியது. அப்புறம் தொப்பிக் கடை வைத்திருந்த என் வீட்டுக்காரர் சிக்கந்தருக்குத் தொத்தியது. நான்காவதாக ஒருவர் இருந்தார், பேரன் பேத்தி எடுத்துவிட்டார், பெயர் வேண்டாம். மத்தியான லுஹர் தொழுகை முடிந்ததும் நால்வரும் ஒருவர் பின் ஒருவராகக் குடையை மூக்குவரை இறக்கிப் பிடித்துக்கொண்டு பின்சந்துக்குள் நுழைவார்கள். இந்தப் பக்கம் ஒரு பார்வை, அந்தப் பக்கம் ஒரு பார்வை. கதவை நகத்தால் சுரண்டுவார்கள். கதவு திறக்கும், குடை மடங்கும், ஆள் உள்ளே.

லோரோங்கின் பெண்கள் எல்லோருக்கும் இது தெரியும். நட்ட நடு மத்தியானத்தில் லெட்சுமி ஒருத்திக்காக அவ்வளவு பெரிய சட்டியில் யார் மீன் ஆணம் காய்ச்சுவார்கள்? தாளிக்கிற சத்தம் எங்கள் அடுக்களைக்குள் வந்து விழும். அது தவிர, பள்ளிவாசலில் நகரா முரசு அடித்து நோன்பு திறக்கும்போது எல்லோரும் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொள்ள, என் வீட்டுக்காரர் மட்டும் அதை விரலில் வைத்து ஒரு சுற்றுத் திருப்பிப் பார்ப்பார். பகலெல்லாம் பாயில் மல்லாந்து படுத்து, நாக்கு வறளுது ஹாஜரா, நாக்கு வறளுது ஹாஜரா என்று முனகுவார். நானும் விசிறிவிடுவேன். வாயில் மீன் ஆணத்தின் வாசனை அடிக்கும். விசிறியால் அடித்திருக்க வேண்டும்.

தெரியாதவர் ஒருவர்தான், பகலெல்லாம் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்த கனி மாமா. அவர் நோன்பு வைக்கிற முறை தனி. எச்சிலை விழுங்கலாமா என்று பள்ளிவாசல் ஆலிமிடம் கேட்டுவிட்டு வந்தவர். அடுக்களை வாசனை மூக்கில் ஏறினால் நோன்பின் பலன் குறைந்துவிடும் என்று யாரும் சொல்லாத ஒரு சட்டத்தைத் தானே போட்டுக்கொண்டு, லுஹர் முதல் நகரா வரை அத்தர் தோய்த்த கைக்குட்டையால் மூக்கைக் கட்டிக்கொள்வார். அப்படியெல்லாம் கட்டாயமில்லை என்று ஆலிமே சொல்லிப் பார்த்தார். இவர் ஆலிமைவிடப் பெரிய ஆலிம். ஆகவே அவருக்கு வாசனையும் தெரியாது. தாழ்ந்த நாற்காலியில் உட்கார்ந்து பலகை இடுக்கு வழியாகப் பார்த்ததில் குடையும் அதற்குக் கீழே இடுப்பும் மட்டும் தெரிந்தன.

இடுப்பைப் படிக்கத் தெரிந்தவருக்கு அது போதுமே. உள்ளே போகும்போது ஒட்டியிருந்த வயிறு, வெளியே வரும்போது முன்னால் தள்ளிக்கொண்டு வருகிறது. வாரில் ஒரு துளை தளர்ந்திருக்கிறது. நடை மெதுவாகிவிட்டது, ஒரு கை வயிற்றைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. கிட்டங்கி வாசலில் ஆயுசெல்லாம் பார்த்த காட்சி. நோன்பு மாதத்தில் ஒரு முஸ்லிமின் வயிறு சோற்றால் வீங்கக் கூடும் என்பது அந்த மனுஷனின் புத்தியில் எட்டவே இல்லை. பொட்டலம் என்றார். அபின் என்றார். லெட்சுமி வீடு கள்ள அபின் வைக்கிற இடம் என்றார்.

இதை என்னிடம்தான் முதலில் சொன்னார். சன்னலோரம் கூப்பிட்டு, கைக்குட்டைக்குள்ளிருந்து குரல் வர, நாலு பேர் தினமும் வந்து வயிற்றில் கட்டிக்கொண்டு போகிறார்கள் என்று விவரித்தார். மூன்றாவது இடுப்பை அவர் விவரித்தபோது எனக்குப் பழக்கமான இடுப்பாக இருந்தது. அந்த வாரை நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

"அது அபின் இல்ல மாமா, விடுங்க லா," என்றேன்.

"பின்னே என்னம்மா அது?"

சொல்லியிருக்கலாம். என் வீட்டு மானம் குறுக்கே வந்து உட்கார்ந்துகொண்டது. நோன்பு நேரத்தில் அடுத்த வீட்டு வாசலைப் பார்க்காதீர்கள் என்று மட்டும் சொன்னேன். நோன்பு வேறு டூட்டி வேறு என்றார். தனக்கு இடியாப்பம் கொடுக்கிற பொம்பளையாயிற்றே என்று இரண்டு நாள் யோசித்தாராம். இடியாப்பம் வேறு டூட்டி வேறு என்றும் முடிவு செய்துவிட்டாராம். சஹருக்கு அவள் வைத்த இடியாப்பத்தைச் சாப்பிட்டு, அதே தெம்பில் ஸ்டேஷனுக்கு நடந்தார்.

சீனன் குடையென்றும் சாக்கடை நாடாவென்றும் சொன்னபோது தலையாட்டிக் கேட்ட சார்ஜன் ரசாக்கால், அபின் என்றதும் தலையாட்ட முடியவில்லை. அந்தச் சொல் அடுத்த அறையில் இருந்த பெரிய அதிகாரி காதில் விழுந்துவிட்டது. கள்ள அபின் என்றால் கவர்ன்மெண்டுக்குத் தன் கஜானாவிலேயே கை வைத்த மாதிரி. கவர்ன்மெண்ட் விற்கிற அபினை வாங்காமல் வேறு அபின் வாங்குவது பெரும் பாவம் அல்லவா? மறுநாள் மத்தியானமே மாத்தா மாத்தா என்று நாங்கள் சொல்லும் போலீஸ்காரர்கள் முன்வாசலில் இரண்டு பேர், பின்சந்தில் இரண்டு பேர், நடுவில் ரசாக். நான் அவர்களைப் பார்த்தபோது குடைகள் நாலும் ஏற்கெனவே உள்ளே மடங்கிவிட்டன.

போய்ச் சொல்ல நேரமில்லை. உண்மையைச் சொன்னால், ஒரு மனம் என் வீட்டுக்காரர் வசமாக மாட்டட்டும் என்றுகூட நினைத்தது. அவருக்கு அவமானம், அவளுக்குப் பிழைப்பே போகும் என்பது அடுத்த நிமிஷம்தான் உறைத்தது.

உள்ளே நடந்ததைப் பிறகு லெட்சுமியே சொன்னாள். கதவு தட்டப்பட்டதும் முதலாளி ஒரே வீச்சில் நாலு தட்டையும் மூலையில் கிடந்த பெரிய அண்டாவுக்குள் இறக்கி மூடியைப் போட்டுவிட்டாராம். அந்த வயதில், அந்தப் புண்ணோடு, அவ்வளவு சுறுசுறுப்பு. போலீஸ் உள்ளே வந்தபோது லோரோங்கின் நாலு பெரிய மனுஷர்களும் பாயில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், வாய் நிறைய. ஒருவரும் பேசவில்லை, பேச இடமில்லை.

ரசாக் வீட்டைத் தேடினார். அரிசிப் பானையில் கை விட்டார், இடியாப்ப உரலைத் திருகிப் பார்த்தார். அபின் இல்லை. அவருக்கு மூக்கு இருந்தது, கைக்குட்டை கட்டாத மூக்கு. விஷயம் புரிந்துதான் அண்டாவைத் திறக்காமல் வாசலில் வந்து நின்று கேட்டிருக்கிறார், முதலாளி இந்த நேரத்தில் இங்கே எதற்கு வந்தீர்கள் என்று. அதற்குள் லோரோங் முழுக்கக் கூடிவிட்டது.

ஷேக் அலாவுதீன் முதலாளி விழுங்க வேண்டியதை விழுங்கினார். தோள் துண்டைச் சரி செய்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"இந்தப் பொம்பளையைப் பத்திப் புகார் வந்துச்சு சார்ஜன். வீட்டுச் சொந்தக்காரன் நான், பெரியவங்க நாலு பேரா விசாரிக்க வந்தோம். இன்னிக்கே காலி பண்ணச் சொல்லியாச்சு."

மற்ற மூவரும் தலையாட்டினார்கள். என் வீட்டுக்காரரும் ஆட்டினார். எந்தப் புகார், என்ன நடத்தை என்று முதலாளி விரித்துச் சொல்லவில்லை. தாலியறுத்த பெண்ணின் வீட்டில் நாலு ஆண்கள் வந்து போனார்கள் என்பதைக் கூட்டமே தன் இஷ்டத்துக்கு விரித்துக்கொண்டது. லெட்சுமி கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்: இவர்கள் இங்கே சோறு தின்றார்கள். சொல்லவில்லை. வெளியே சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாளாம். அந்தப் பைத்தியக்காரிக்கு வாக்கு என்றால் வாக்கு.

முதலாளி கனி மாமாவைப் பார்த்துச் சலாம் சொன்னார். கனி மாதிரி கண்ணுள்ள மனுஷர் இருப்பதால்தான் இந்த லோரோங் சுத்தமாக இருக்கிறது என்றும், இன்றைக்குக் கஞ்சிக்குத் தன் பக்கத்தில் உட்கார வேண்டும் என்றும் சொன்னார். மாமாவுக்கு வாழ்க்கையில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. கைக்குட்டைக்கு மேலே அவர் கண் சிரித்ததை நான் பார்த்தேன். அப்போது எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரத்தை எழுத்தில் எழுத முடியாது.

வீட்டுக்குள் வந்து பாயில் விழுந்த என் வீட்டுக்காரரிடம், எழுந்து போய் உண்மையைச் சொல்லுங்கள் என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நாக்கு வறண்டிருந்ததோ என்னவோ.

சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு முதலாளியின் மாட்டு வண்டியே வந்தது. நகரா அடிப்பதற்குள் அவள் போய்விட வேண்டும். இரவு தங்கினால் வாய் திறந்துவிடுவாள் என்ற பயம். பட்டர்வொர்த்துக்குப் பெரி போட்டில் ஏற்றி, பத்து காவானுக்கு அனுப்புவதாக ஏற்பாடு. படியேற விடாத அண்ணியின் வாசலுக்கு. ஆட்டுக்கல், உரல், அரிசிப் பானை, துணி மூட்டை என்று வண்டிக்காரன் தூக்கிப் போட்டான். அந்த அண்டாவையும் மூடியைக் கயிற்றால் கட்டித் தூக்கிப் போட்டான். லெட்சுமி என் சன்னலைப் பார்த்து, "வரேன் அக்கா," என்றாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அஞ்சடியில் இறங்கி நின்றேன், அவ்வளவுதான்.

லோரோங் முனையில் கனி மாமா தடியைக் குறுக்கே நீட்டி வண்டியை நிறுத்தினார்.

இது என்ன புதுக் கூத்து என்று எல்லோரும் பார்த்தார்கள். அவர் கணக்கு நேரானது. அபின் வீட்டில் இல்லை என்று போலீஸ் சொல்லிவிட்டது. வீட்டில் இல்லையென்றால் சாமானில் இருக்க வேண்டும். சாமான் வெளியே போகிறது. பார்க்காமல் விட முடியுமா? முதலாளி வேகமாக வந்து, விடுங்க கனி, பொம்பளைச் சாமான் என்று தோளைத் தொட்டார். வாசலைத் தாண்டுகிற எதையும் பார்க்காமல் விட்டதில்லை முதலாளி என்று மாமா பணிவாகச் சொன்னார். துரைக்கே விட்டுக் கொடுக்காதவர், முதலாளிக்கா விட்டுக் கொடுப்பார்?

துணி மூட்டையை அமுக்கிப் பார்த்தார். உரலைத் தட்டிப் பார்த்தார். அண்டாவின் கயிற்றை அவிழ்த்து மூடியைத் தூக்கினார்.

நாலு தட்டு. நாலிலும் பாதி தின்ற சோறு, மேலே மீன் ஆணம் படிந்திருந்தது. ஒரு தட்டில் மீன் தலை. விருந்து எந்த வீட்டில் நடந்தாலும் மீன் தலை யார் தட்டில் விழும் என்பது எங்கள் லோரோங்கில் எல்லோருக்கும் தெரியும்.

மாமா குனிந்தபடியே நின்றார். பிறகு, நகரா அடிக்க இன்னும் நேரம் இருக்கும்போதே, மூக்கிலிருந்த கைக்குட்டையைக் கீழே இழுத்தார். ஒரு மூச்சு இழுத்தார். நிமிர்ந்து, கூட்டத்தில் நின்ற நாலு பேரையும் பார்த்தார். பழக்கப்படி முதலில் இடுப்பை. அப்புறம் ஒவ்வொருவர் முகத்தையும். அவர் ஒரு ஆண்பிள்ளையின் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்து நான் அன்றைக்குத்தான் கண்டேன். என் வீட்டுக்காரர் முகம் வந்தபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கோபத்தில் இல்லை. அன்றைக்கு அவருக்கு நாக்கு உலர்ந்து, முழங்கால் நடுங்கி, எச்சிலைக்கூட யோசித்து விழுங்கின நோன்பு. இவர்களும் அப்படித்தான் இருப்பார்கள் என்று நம்பி, சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி குடித்திருக்கிறார். எனக்கு அந்த மனுஷன்மேல் இருந்த ஆத்திரமெல்லாம் அந்த இடத்திலேயே போய்விட்டது.

லெட்சுமியிடம் திரும்பினார். "நீ ஏம்மா சொல்லல?"

"சொன்னா அவங்களுக்குத்தானே அசிங்கம், ஜாகா அண்ணே," என்றாள்.

மாமா தலையை மெல்ல ஆட்டினார். மூடியை எடுத்து அண்டாவை ஒழுங்காக மூடினார். பிறகு முதலாளியிடம் பேசினார். மிரட்டவில்லை, அதைச் சத்தியமாகச் சொல்வேன். அவருக்கு மிரட்டத் தெரியாது. கணக்கில் பிழை விட்ட ஆள் பேசுகிற மாதிரிதான் பேசினார்.

"முதலாளி, ரிப்போர்ட்டு தப்பாப் போச்சு. வயித்து மேல கட்டிட்டுப் போறாங்கன்னு சொல்லிட்டேன். வயித்துக்குள்ள இருந்திருக்கு. இப்பவே ஸ்டேஷனுக்குப் போயி திருத்திச் சொல்லணும். நீங்க நாலு பேரும் கூட வந்தா சார்ஜனுக்கும் சந்தேகம் இருக்காது."

முதலாளியின் முகம் அண்டாவுக்குள் இருந்த மீன் தலையைவிட மோசமாக இருந்தது. தொண்டையைச் செருமினார், சுற்றிலும் பார்த்தார். பெண்கள் நாங்கள் எல்லா வாசலிலும் நின்றோம். ஒருத்தியும் உள்ளே போகவில்லை.

"சாமானை இறக்குடா," என்று வண்டிக்காரனிடம் சொன்னார்.

விசாரித்ததில் புகார் பொய் என்று தெரிந்துவிட்டதாம். லெட்சுமி நல்ல பெண்ணாம். அதை அவரே கூட்டத்துக்கு அறிவித்தார், நீதிபதி மாதிரி. வண்டியிலிருந்து உரலை இறக்க முதலில் கை கொடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? என் வீட்டுக்காரர். நான் பார்த்த பார்வையில் அவர் ஆட்டுக்கல்லையே தனியாகத் தூக்கியிருப்பார்.

கனி மாமா அன்று முதலாளி பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கவில்லை. நொண்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். அபின் இல்லை, சோறு என்று திருத்திச் சொன்னார். சாப்பிட்டவர்கள் யார் யார் என்று ரசாக் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாராம். சோறு சாப்பிடுவது கவர்ன்மெண்ட் சட்டத்தில் குற்றமா என்று மாமா திருப்பிக் கேட்டாராம். இல்லை என்றதும், அப்படியானால் பெயர் எதற்கு என்று எழுந்து வந்துவிட்டாராம். இந்த ஞானம் குடை ரிப்பேர்ச் சீனன் விஷயத்திலேயே வந்திருக்கலாம். பரவாயில்லை, வந்ததே.

இதோடு முடிந்தது என்று நினைத்தால் பெரிய மனுஷர்களை உங்களுக்குத் தெரியாது என்று அர்த்தம். பெருநாள் கழிந்து பிரியாணி ஜீரணமாவதற்குள் முதலாளி ஸ்டேஷனுக்குப் போனார். தன் வீட்டில் குடியிருக்கிற ஒரு கிழவர் பகலெல்லாம் பலகை இடுக்கு வழியாகப் பின்சந்தைப் பார்க்கிறார், அந்தப் பக்கம் பெண்கள் புழங்குகிற இடம், நடத்தை சந்தேகமாக இருக்கிறது, விசாரிக்க வேண்டும் என்று ரிப்போர்ட். அப்துல் காதர் சாட்சி. எங்கள் லோரோங்கில் கனி மாமாவைத் தவிர வேறொருவர் போலீசுக்கு ரிப்போர்ட் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

ரசாக் விசாரிக்க வந்தார். பெண்கள் புழங்குகிற இடம் என்பதால் பெண்களிடம்தான் கேட்க வேண்டும் என்று நேராக லெட்சுமி வீட்டு வாசலில் நின்றார். இந்த ஆள்மேல் உனக்கு ஏதாவது புகார் உண்டா என்று கேட்டார். அவள் கை மாவோடு வெளியே வந்தாள்.

"என்னைத் தப்பாச் சொன்னவங்க இந்த லோரோங்ல எத்தனையோ பேரு, சார்ஜன். தப்பாச் சொல்லிட்டேன்னு எல்லாரு முன்னாலயும் சொன்னது இவரு ஒருத்தருதான். அவரு உக்காந்து பாக்கட்டும்," என்றாள்.

ரசாக் தலையாட்டினார். இந்தத் தடவை உண்மையாகவே ஆட்டினார் என்று நினைக்கிறேன். அப்புறம் இடியாப்பம் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டு, முன்கதவு வழியாகவே உள்ளே போய், சாப்பிட்டுவிட்டு முன்கதவு வழியாகவே வந்தார்.

மறு வருஷம் ரமலான் வந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற நம் இந்துப் பிள்ளைகள் லெட்சுமியிடம் மத்தியானச் சோற்றுக்கு வர ஆரம்பித்திருந்தார்கள். முன்வாசல் வழியாக, சத்தமாகப் பேசிக்கொண்டு. முதல் நோன்பன்று லுஹர் முடிந்து நான் எட்டிப் பார்த்தேன். கனி மாமா கைக்குட்டை கட்டிக்கொண்டு அஞ்சடியிலேயே உட்கார்ந்திருந்தார். நாற்காலி பின் சன்னலுக்குப் போகவில்லை.

"என்ன மாமா, மத்தியானம் பின்பக்கம் ஜாகா இல்லையா?" என்று கேட்டேன்.

"இந்த மாசம் அந்தப் பக்கம் என் டூட்டி இல்லம்மா. அங்க வேற ஒருத்தன் பாத்துக்கிட்டு இருக்கான். அவன் இடுப்பப் பாக்கறவன் இல்ல," என்றார்.

நான் உள்ளே திரும்பினேன். என் வீட்டுக்காரர் வாசல் பக்கம் வந்திருந்தார், கையில் குடை. மாமா சொன்னது அவர் காதிலும் விழுந்திருந்தது. குடையை ஆணியில் திரும்ப மாட்டினார், பாயில் போய்ப் படுத்தார், நாக்கு வறளுது ஹாஜரா என்றார். குனிந்து பார்த்தேன். வாயில் ஆணத்தின் வாசனை இல்லை. விசிறியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.